டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர்: பலன் உண்டா, காசுக்குக் கேடா?

கரூர்க்காரன்:
2015 ஸ்விஃப்ட் பெட்ரோல், 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஐடிலில் நடுங்குகிறது, சூடானால் சரியாகிவிடும். மைலேஜும் முன்பு போல இல்லை. சர்வீஸுக்கு விட்டால் ஒவ்வொரு தடவையும் பில்லில் ‘ஃப்யூயல் சிஸ்டம் கிளீனர்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது, கேட்டால் "எல்லா வண்டிக்கும் போடுறதுதான் சார்" என்கிறார்கள். நிஜமாகவே வேலை செய்யுமா? நானே வாங்கி ஊற்றலாமா? வண்டி பெரும்பாலும் வீட்டுக்கும் கடைக்கும்தான் ஓடுகிறது.

ஸ்பேனர்பாண்டி:
தம்பி, வேலை செய்யும், ஆனால் பெட்ரோல் போகிற இடத்தில் மட்டும்தான். டேங்கில் ஊற்றுவது பம்ப், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் காற்றை விடுகிற இன்டேக் வால்வின் பின்பக்கம், அப்புறம் எரியும் அறை, அவ்வளவுதான் போகும். த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு தட்டு திறந்து மூடுகிற இடம், அது வழியாகப் போவது வெறும் காற்று, அங்கே படிந்த கரியை எந்த பாட்டிலும் தொடாது. நிறைய பேருக்கு ஐடில் நடுங்குவதே அங்கிருந்துதான். ஏர் ஹோஸைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார், தட்டு மூடுகிற ஓரத்தில் கருப்பாக, பிசுபிசுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் த்ராட்டில் பாடிக்கான ஸ்ப்ரே கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டியதுதான். தட்டை விரலால் தள்ளித் திறக்காதே, உள்ளே மோட்டார் இருக்கிறது. பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் பார்த்துவிடு.

அதெல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் பாட்டில் வாங்கலாம். உன் மாதிரி ஓட்டத்தில் இன்ஜெக்டர் சீக்கிரம் அடைக்கும், ஏனென்றால் சூடான இன்ஜினை நிறுத்தியதும் நுனியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி நிறுத்தினால் அடிக்கடி ஒட்டும். வால்வின் பின்னால் கரி இருந்தாலும் இதே குணம்தான்: குளிரில் அடிக்கிற பெட்ரோலைக் கரி ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், சிலிண்டருக்குப் போவது குறைந்து நடுங்கும்.

வாங்கும்போது பாலியீதரமைன் இருக்கிறதா என்று பார், சுருக்கமாக பிஇஏ என்று போட்டிருப்பார்கள். செவ்ரானின் டெக்ரான் பேர் வாங்கியது இந்தச் சரக்கால்தான். பாட்டிலில் எதுவும் போடவில்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் அந்தக் கம்பெனியின் பாதுகாப்புத் தாளைத் தேடிப் படி. சிலதில் முக்கால்வாசி மண்ணெண்ணெய் மாதிரி கரைப்பான்தான்.

டர்போசாமி:
பாண்டி அண்ணன் சொன்னது ஸ்விஃப்டுக்குச் சரி, அதில் பெட்ரோல் வால்வு மேல் பட்டுத்தான் உள்ளே போகிறது. என்னுடையது டைரக்ட் இன்ஜெக்ஷன், நேரே சிலிண்டருக்குள் அடிக்கும், அதனால் வால்வின் பின்பக்கத்தில் பெட்ரோலே படாது, எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அங்கே கரி கரிதான். காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும். இன்ஜெக்டர் நுனிக்கு மட்டும் பாட்டில் உதவும்.

ஈ20 வாசகன்:
மைலேஜ் விஷயத்தில் கிளீனரை ரொம்ப நம்ப வேண்டாம். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கம்மி. பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் கலந்தது 20 ஆனதில் கணக்குப்படியே மூன்று, நான்கு சதவீதம் போய்விடும், அதை எந்த பாட்டிலும் திருப்பித் தராது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், ஆகவே ரொம்ப நாள் நிற்கும் வண்டியில் டேங்கைக் காலியாக விடாதீர்கள்.

மதுரை டீசல்:
இதையே டீசல் வண்டியில் ஊற்றலாமா?

ஸ்பேனர்பாண்டி:
ஐயோ வேண்டாம், டீசலுக்குத் தனியாக வருகிறது. முதலில் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடி, பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கச் சொல்லி யாராவது வந்தால், பிஎஸ்6 வண்டியில் அதைச் செய்யாதே, சாம்பல் போய் டிபிஎஃப்பை, அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டரை அடைக்கும்.

கரூர்க்காரன்:
நன்றி அண்ணே. டேங்க் நிறைய இருக்கும்போது ஊற்றலாமா?

ஸ்பேனர்பாண்டி:
காலியாகும் தறுவாயில் பாட்டிலை ஊற்றிவிட்டு மேலே ஃபுல் அடி, அப்போதுதான் நன்றாகக் கலக்கும். உன் டேங்க் 42 லிட்டர், பாட்டிலில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த அளவுதான், இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகாது. அந்த டேங்கைக் கடைக்குப் போய் வந்தே தீர்க்காமல் திருச்சி வரை ஒரு நீட்டு நீட்டு. பில்லில் வரும் அந்த வரியை, வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் வேண்டாம் என்று வெட்டிவிடச் சொல்லிவிடு.