காட்பாடியில் வாடகையா, சத்துவாச்சாரியில் சொந்த வீடா?

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். காட்பாடி காந்தி நகரில் 11,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். சத்துவாச்சாரியில் 40 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு வருகிறது. கையில் பத்து, மீதி 30 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 26,000. முதல் மாதத் தவணையில் 21,250 வட்டிக்கே போய்விடும். அதுவும் வாடகை மாதிரிதானே! முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. அதற்கு நகையைத்தான் வைக்க வேண்டும்.

சரி, இதுவரை கணக்குப் போட்டாச்சு. அப்புறம் வருவதுதான் புரியவில்லை. வீட்டு வரி, போர் மோட்டார் பழுது, மாடி ஒழுகல், பெயின்ட், கோடையில் லாரித் தண்ணீர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது? அந்தப் பக்கம் பழைய வீடு வாங்கியவர்கள் சொல்லுங்கள். வாடகை தண்டம் என்கிற மாமியாரிடம் காட்ட ஒரு தொகை வேண்டும்.