கல்லுக் காட்டில் ரோட்டவேட்டர்: பிளேடு உடைகிறது, ஷியர் போல்ட் நிற்க மாட்டேன் என்கிறது

கொரங்காடு கேட்டது:

காங்கேயம் – வெள்ளகோவில் பக்கம் 4 ஏக்கர் மானாவாரி. மேலே அரை அடி செம்மண் சரளை, அதற்குக் கீழே கெட்டி. காடு முழுக்க வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. வடகிழக்கு மூலையில் 20 அடிக்கு 30 அடி பாறைத் திட்டு, மேலே மண் மூடியிருக்கிறது. தீவனச் சோளம் விதைக்க வேண்டும்.

வண்டி 47 எச்.பி. டிராக்டர். ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) 6 அடி, மல்டி ஸ்பீடு, சைடு கியர் டிரைவ், 42 எல் பிளேடு. கலப்பை எதுவும் போடாமல் நேரடியாக ரோட்டவேட்டர்தான் விட்டோம், ஆழம் 6 அங்குலம், லோ 2 கியர். இரண்டு ஏக்கருக்குள் 5 பிளேடு போச்சு, ஷியர் போல்ட் 3 தடவை அறுந்தது. இப்போது சைடு கியர் பக்கம் ஒரு உறுமல் சத்தம் வேறு.

கேள்விகள்: எல் பிளேடுக்குப் பதில் சி பிளேடு மாட்டினால் தாங்குமா? ஷியர் போல்ட்டுக்குப் பதில் ஹைடென்சைல் போல்ட் போடச் சொல்கிறார்கள், போடலாமா? எந்த கியரில் ஓட்ட வேண்டும்? மீதி 2 ஏக்கரை எப்படி முடிப்பது?

---

இரும்புப் பட்டறை:

முதலில் போல்ட். இருப்பதை விட உறுதியான ஹைடென்சைல் போடவே போடாதீங்க. அது அறுவதற்காகவே வைத்த போல்ட். தலையில் (பலத்தைக் காட்டும் எண்) 8.8 என்று இருந்தால் அதே 8.8, அதே கனம். 12.9 போட்டால் இழுவை பலம் ஒன்றரை மடங்கு. கல் மாட்டும்போது போல்ட் அறாமல் நிற்கும், அந்த அடி கியர் பாக்ஸுக்குள் கிரவுன் பினியனுக்குப் போகும், இல்லை என்றால் டிராக்டரிலிருந்து வரும் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை மூட்டு) முறியும். அதே தப்பை ஆணியை முறுக்கிப் போட்டும், வெல்டிங் ராடை வெட்டிச் சொருகியும் செய்கிறார்கள். ராடு சீக்கிரம் அறும், ஆனால் அறுந்த துண்டு துளையிலேயே இறுகி, யோக்கின் (ஷாஃப்ட் முனைக் கவையின்) துளை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் சரியான போல்ட் போட்டாலும் ஆடி ஆடி அறும். உங்களுக்கு 3 தடவை அறுந்திருக்கிறது என்றால் துளையை ஒருமுறை பாருங்க. டூல் பாக்ஸில் 10 போல்ட் நட்டோடு எப்போதும் கிடக்கட்டும்.

அடுத்தது, உடைந்த பிளேடுகளைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? எந்த இடத்தில் உடைந்தது என்பதே பாதிப் பதில்.

போல்ட் துளையில் விண்டிருந்தால் கல் காரணம் இல்லை, போல்ட் தளர்ந்து பிளேடு ஆடியிருக்கிறது. துளையைச் சுற்றி பளபளவென்று தேய்ந்த வளையம் தெரியும். வளைவில், அதாவது எல் திரும்பும் இடத்தில் முறிந்திருந்தால் நேரடியாகக் கல் அடித்தது. அதே இடத்தில் முன்பு வெல்டிங் வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளேடு சூடுபடுத்திப் பதம் வைத்த இரும்பு. வெல்டிங் சூடு பதத்தைக் கெடுத்து, தையலுக்குப் பக்கத்திலேயே ஒரு கோட்டில் நொறுங்கும். முனையில் மட்டும் பல்லுப் பல்லாகப் பெயர்ந்திருந்தால் கடினப் பூச்சு வைத்த பிளேடாக இருக்கும். அந்தப் பூச்சு மணல் தேய்மானத்துக்கு நல்லது, கல் அடிக்கு ஆகாது. நம்ம பக்கத்து வெங்கச்சங்கல் பதம் வைத்த பிளேடு இரும்பையும் கீறும் கல். அதனால் பிளேடு உடையாவிட்டாலும் தேய்மானம் வேகமாக இருக்கும், அதைத் தவிர்க்க வழியில்லை.

மாட்டும்போது: ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் (பிளேடு மாட்டும் வட்டத் தகடு) 6 பிளேடு, 3 இடம் 3 வலம். ஆனால் இரண்டு ஓர ஃபிளாஞ்சிலும் வளைவு உள்பக்கம்தான் பார்க்கணும். பிளேடுகள் ரோட்டரில் திருகுபோல வரிசையாக வரும், ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு மட்டும் மண்ணில் விழுவதற்காக. அவசரத்தில் ஒன்று இடம் மாறினால் இரண்டு பிளேடு ஒன்றாக அடிக்கும், வண்டி முழுக்க அதிரும். புதுசு ஒன்று போட்டால் எதிர்ப் பக்கத்தில் இருப்பதையும் பாருங்க, பாதி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றி விடுங்க. ஓட்ட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி இறுக்கணும். கல்லுக் காட்டில் இதைத் தினமும் காலையில் செய்யணும். 42 பிளேடு, 84 போல்ட், இருபது நிமிட வேலை.

---

லோ கியர்:

பட்டறைக்காரர் சொன்னது சரி. ஆனால் அடிப்படைக் கோளாறு பிளேடிலும் இல்லை, போல்ட்டிலும் இல்லை. சுழற்சி வேகத்திலும், ரோட்டவேட்டரை முதல் உழவுக்கு இறக்கியதிலும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ரோட்டர் நடுவிலிருந்து பிளேடு முனை வரை சுமார் 23 செ.மீ. நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் முனை ஏறக்குறைய மணிக்கு 17 கி.மீ. வேகத்தில் கல்லில் மோதுகிறது. 260 சுற்று என்றால் 22 கி.மீ. தாண்டும். வேகம் ஒன்றேகால் மடங்கு சொச்சம்தான் கூடியது, ஆனால் அடியின் பலம் வேகத்தின் வர்க்கம், அதாவது 1.7 மடங்கு. பொடி மண் வேண்டும் என்று யாரோ பின்பக்கக் கியர் ஜோடியை வேகத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள், நிறைய வண்டிகளில் அப்படித்தான் கிடக்கிறது. மல்டி ஸ்பீடு பெட்டியின் பின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு பல் சக்கரத்தின் எண்களைப் பார்த்து, மூடியிலோ கையேட்டிலோ உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இருப்பதிலேயே குறைந்த ரோட்டர் வேகத்துக்கு மாற்றுங்கள். மூடியைக் கழற்றும் முன் ஆயிலை இறக்க மறக்காதீர்கள், கேஸ்கெட் புதுசு வையுங்கள்.

இதில் ஒரு சங்கதி. ஷியர் போல்ட் இருப்பது பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் (டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு). ரோட்டரை மெதுவாக்கினால் அதே போல்ட் அறுவதற்குள் ரோட்டருக்குப் போகும் முறுக்கு முன்பை விட அதிகம். மோதும் அடி குறையும், ஆனால் கல் மாட்டி நின்றுவிட்டால் இறுக்கம் கூடும். எனவே ரோட்டர் நின்றதும் கிளட்சை மிதித்துவிட வேண்டும், ஆக்சிலேட்டரை ஏற்றி 'கடந்து போயிடும்' என்று பார்க்கக் கூடாது.

முன்னோக்கிய வேகம்: ஒரு பக்கத்துக்கு 3 பிளேடு, 200 சுற்று, மணிக்கு 3 கி.மீ. என்றால் ஒவ்வொரு பிளேடும் சுமார் 8 செ.மீ. மண்ணைக் கடிக்கிறது. 2 கி.மீ. என்றால் 5.5 செ.மீ. கடி சிறிதானால் ஒரு வெட்டில் சிக்கும் கல்லும் குறைவு. ஆகவே லோ 1, அதற்கு மேல் வேண்டாம். 6 அடிக்கு மணிக்கு 2 கி.மீ. என்றால் திருப்பம் சேர்த்து ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாடகை வண்டிக்காரர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், மணிக்கணக்குப் பேசினால் ஒத்துக்கொள்வார்.

இன்னொன்று, ரோட்டர் சுழல்வது வண்டிச் சக்கரம் சுழலும் அதே திசையில். கெட்டித் தரையில் பிளேடு மண்ணுக்குள் இறங்காமல் வண்டியையே முன்னால் தள்ளும். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து யாரோ விட்டு விட்டுத் தள்ளுவது போல இருந்தால், தரை இன்னும் ரோட்டவேட்டருக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். தூக்கிவிட்டுக் கலப்பை மாட்டுங்கள்.

---

மேழி:

மீதி 2 ஏக்கருக்கு வேலை வரிசை சொல்கிறேன்.

ஒரு உழவு மழை பெய்து இரண்டாம் மூன்றாம் நாள், மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் பதத்தில் இறங்குங்கள். காய்ந்த சரளையில் கல் மண்ணோடு சிமெண்ட் போலப் பிடித்திருக்கும், பிளேடு அடித்தால் நகராது, உடைக்கும். ஈரத்தில் அதே கல் புரண்டு விலகும்.

ஸ்பிரிங் வைத்த ஒன்பது கலப்பையைத்தான் (ஒன்பது கொழு உள்ளது) மாட்ட வேண்டும், ஸ்பிரிங் இல்லாத கட்டைக் கலப்பை வேண்டாம். ஸ்பிரிங் கொழு கல்லில் பட்டால் பின்னால் மடங்கி ஏறித் தாண்டி மறுபடி இறங்கும். முதல் சால் தெற்கு வடக்கு, 4 அங்குலம். இரண்டாவது குறுக்கே, 6 அங்குலம். சட்டிக் கலப்பை (வட்டத் தட்டு வைத்தது) இருந்தால் முதல் உழவுக்கு அதுவும் நல்லதுதான், சட்டி உருண்டு கல்மேல் ஏறிப் போகும். ஆனால் அடிக்கல்லை நிறைய மேலே புரட்டிப் போட்டுவிடும், பொறுக்க ஆள் இருந்தால் மட்டும்.

பிறகு கல் பொறுக்குதல். எல்லாக் கல்லையும் பொறுக்க யாராலும் ஆகாது, தேவையும் இல்லை. ஒரு கையால் மூடிப் பிடிக்க முடிகிற கல் ரோட்டவேட்டருக்குள் போய் வெளியே வந்துவிடும். இரண்டு கையால் தூக்க வேண்டிய கல்தான் பிளேடுக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே சிக்கும், அல்லது இரண்டு ஃபிளாஞ்சுக்கு இடையில் ஆப்பு போல மாட்டும். அந்த அளவை மட்டும் எடுத்துக் கிளுவை வேலி ஓரமாகப் போடுங்கள்.

கடைசியாக ரோட்டவேட்டர், அதுவும் 3 அங்குலம். பக்கவாட்டுச் சறுக்குத் தகட்டை அந்த ஆழத்துக்கு இறக்கி வைத்துவிடுங்கள், லிவரை நம்ப வேண்டாம். பொசிஷன் கண்ட்ரோலில் (கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் ஹைட்ராலிக் லிவர்) மட்டும் ஓட்டுங்கள்.

ஆனால் ஒரு கேள்வி: தீவனச் சோளத்துக்கு இது வேண்டுமா? செம்மண்ணைப் பொடியாக்கி வைத்தால் அடுத்த மழையில் மேலே பொருக்குத் தட்டி, முளை வெளியே வரத் திணறும். ஒன்பது கலப்பை குறுக்கு நெடுக்கு இரண்டு சால், விதையைத் தூவி, மேலோட்டமாக மூன்றாவது சால், மேலே பலகை. கொரங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் காட்டு) மண்ணுக்கு இதுவே போதும். என்னைக் கேட்டால் அந்த 2 ஏக்கருக்கு ரோட்டவேட்டரை மாட்டவே மாட்டேன்.

---

லோ கியர்:

மேழி சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பழைய சோளக்கட்டை, கோரை இருந்தால் கலப்பை அதை இழுத்துக் குவித்துக்கொண்டே போகும், ஒரு மேலோட்ட ரோட்டவேட்டர் தேவைப்படும். 3 அங்குலம், குறைந்த சுழற்சி என்றால் பொருக்குப் பிரச்சினையும் அவ்வளவு வராது.

சி பிளேடு கேட்டீர்களே, மாற்றலாம். எல் பிளேடின் அடிக்கால் படுக்கையாக இருக்கும், கல்லுக்குக் கீழே போய்க் கொக்கி மாதிரி தூக்கும், அதனால்தான் கல் மேல் தகட்டில் போய் மாட்டுகிறது. சி பிளேடின் வளைவு பெரியது, கல்மேல் வழுக்கும், கெட்டித் தரையில் வண்டிக்கு இழுவையும் குறைவு. களை வேரை எல் அளவுக்கு வெட்டாது. பாதி எல் பாதி சி என்று கலந்து மாட்டாதீர்கள். தேங்காய் அளவுக் கல்லுக்கு சி-யும் தாங்காது.

---

இரும்புப் பட்டறை:

அந்த உறுமல் சத்தத்தை விட்டுவிட்டோம். அதைப் பார்க்காமல் இன்னும் ஒரு சால்கூட ஓட்டாதீங்க.

சமதரையில் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றுங்க. ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கீழே கை விட வேண்டாம். பிறகு ரோட்டரைக் கையால் சுற்றிப் பாருங்க. ஒரு இடத்தில் மட்டும் கரகரத்து இறுகினால் பேரிங். ரோட்டரை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் தெரிந்தாலும் பேரிங். இது சைடு கியர் பக்கம் மட்டும் இல்லை, எதிர்ப்பக்கத்துப் பேரிங்கையும் அசைத்துப் பார்க்கணும், சத்தம் குழாய் வழியாக இந்தப் பக்கம் கேட்கும்.

அடுத்து சைடு கியர் அறையின் அடித்தகடு. கல்லில் முதலில் உரசுவது அதுதான். அது தேய்ந்து ஓட்டையானால் அறையில் விரிசல் விழும், ஆயில் கசியும், ஈரமண் ஒட்டியிருப்பதால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. மண்ணைக் கழுவிவிட்டுத் துடைத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்க. லெவல் போல்ட்டைத் திறந்தால் ஆயில் வாயில் நிற்க வேண்டும், விரலை விட்டுத் தேட வேண்டியிருந்தால் குறைவு. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து வெள்ளி மினுக்கு தெரிந்தால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. கையேட்டில் 90 போட்டிருந்தால் 90, 140 போட்டிருந்தால் 140, என்ஜின் ஆயில் ஊற்றாதீங்க. ரோட்டர் முனை ஆயில் சீலில் கம்பி, சாக்கு நூல், புல் சுற்றியிருக்கும், அதையும் வெட்டி எடுங்க.

அடித்தகட்டின் கீழே 8 மி.மீ. பட்டையை வளைத்து வெல்டிங் வைத்துவிடலாம். அறை மேல் நேரடியாக வைக்காதீங்க, பழைய தகட்டின் மேல்தான், அதையும் கழற்றி வெளியே வைத்து.

---

கொரங்காடு:

நன்றிங்க. உடைந்த பிளேடில் மூன்று துளையிலும் இரண்டு வளைவிலும் போயிருக்கு. ஆயிலில் மினுக்கு இல்லை, ஆனால் லெவல் ரொம்பக் கீழே, அடித்தகடு ஓட்டை. அதைச் சரி பண்ணிக்கிறேன். இன்னும் இரண்டு: பாறைத் திட்டைச் சுற்றி எப்படி ஓட்டுவது? பின் கதவைத் தூக்கிக் கட்டினால் கல் மாட்டாமல் வெளியே போயிடும் என்கிறார்களே?

---

மேழி:

கதவைத் தூக்கிக் கட்ட வேண்டாம். கல் வெளியே போகும், எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை. ஸ்பிரிங்கைத் தளர்த்தி, கதவு தன் எடையில் மண்மேல் மிதக்கும்படி விட்டால் போதும், கல் வந்து தள்ளும்போது திறந்து மூடும். அப்படி விட்டாலும் பின்னால் 50 மீட்டருக்குள் ஆள், மாடு எதுவும் நிற்கக் கூடாது. எடைக்கு என்று கதவு மேல் ஆளை உட்கார வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது கொலைக்குச் சமம்.

பாறைக்கு: ஒரு ஆள் கடப்பாரையோடு விளிம்பை ஓர் அடிக்கு ஒரு குத்து குத்திக் கண்டுபிடிக்கட்டும். பாறை சரிவாகக் கீழே ஓடும், கண்ணுக்குத் தெரியும் விளிம்பு உண்மையான விளிம்பு இல்லை. 6 அங்குலத்தில் கடப்பாரை 'ணங்' என்றால் அது பாறைக் கணக்கு. அந்தக் கோட்டுக்கு வெளியே 5 அடி தள்ளி, வெள்ளை சாக்குத் துண்டு கட்டிய குச்சிகளை நட்டு விடுங்கள். அதற்குள் ரோட்டவேட்டர் போகக் கூடாது, ஐந்து கலப்பை மட்டும் மேலோட்டமாக.

குச்சிக்கு ஒரு வண்டி நீளம் முன்பே தூக்க ஆரம்பியுங்கள். முக்கால் அடிக்கு மேல் தூக்குவதானால் பி.டி.ஓ.-வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள், இல்லையென்றால் ஷாஃப்ட் கோணம் ஏறிக் கிராஸ் கதறும். திரும்ப இறக்கும்போது பிளேடு தரைக்கு நாலு விரல் மேலே இருக்கும்படி வைத்து, பி.டி.ஓ.-வைப் போட்டு, வண்டி நகர ஆரம்பித்த பிறகு மெதுவாக இறக்குங்கள். நின்ற இடத்தில் தடால் என்று இறக்கினால் அந்த இடத்தில் கல் இருக்கிறதா என்று பிளேடுதான் பார்த்துச் சொல்லும்.