டிரையர் குழாய் ஓட்டையை அடைக்க 1:3 கலவையா?

பழையகரண்டி:
துணி உலர்த்தும் டிரையரின் சூடான காற்றை வெளியேற்றும் குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டையைப் பற்றி, பக்கத்து இழையில் கட்டுறுதி எழுதியிருப்பது இது: "டிரையரை எடுத்தாச்சுன்னா அந்தச் சுவர் ஓட்டைக்குச் செங்கல் எதுக்கு? 1:3 கலவையைத் திணிச்சுப் பூசிடுங்க, சொட்டுத் தண்ணி வராது." நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

முழுத் தவறு. 9 இஞ்ச் சுவரில் 4 இஞ்ச் ஓட்டை என்றால் உள்ளே போவது ஏறக்குறைய 1.85 லிட்டர் கலவை. அவ்வளவையும் 1:3-ல் (சிமெண்ட் 1, மணல் 3) ஒரே மொத்தையாக அடைத்தால் காயும்போது சுருங்கி, விளிம்பைச் சுற்றி வட்டமாக மயிரிழை விரிசல் விடும். மழைத்தண்ணீர் அந்த விரிசல் வழியாகத்தான் உறிஞ்சி உள்ளே வரும். குழாய்க்காக வெட்டுப்பட்ட செங்கற்களை எடுத்துவிட்டு, முழுக்கல் வைத்து 1:6-ல் கட்டுங்கள்.

கட்டுறுதி:
என் பேரைப் போட்டே தனி இழையா? சந்தோஷம். தண்ணித் தொட்டிக்கு உள்பூச்சு என்ன கலவைங்க? 1:3. தொட்டியில நிக்கிற தண்ணியையே தாங்குது, சுவர்ல அடிக்கிற சாரலைத் தாங்காதா?

பழையகரண்டி:
தொட்டிப் பூச்சின் கனம் 12 முதல் 15 மி.மீ. அது ஈரத்திலேயே இருப்பது. நீங்கள் அடைக்கச் சொல்வது 9 இஞ்ச் ஆழம், அதுவும் வெயிலில் காயும் சுவரில். இரண்டும் ஒன்றா?

சாரல்:
1:3-ஆ 1:6-ஆ என்பதற்கு முன்னால் குழாயை எடுக்கச் சொல்லுங்கள். தகரக் குழாயை உள்ளேயே விட்டு அடைக்கிறார்கள். தகரத்தில் கலவை பிடிக்காது. வெளிமூடியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் சிலிகானைச் சுரண்டி, குழாயை முழுசாக உருவ வேண்டும். உள்ளே படிந்த துணிப்பஞ்சைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பஞ்சு இருந்தால் எந்தக் கலவையும் கல்லில் ஒட்டாது.

கட்டுறுதி:
குழாயை எடுக்கணும்னு யாருக்குத் தெரியாது? நான் சொல்றது 1:3. அந்த ஓட்டை மேல பாரமே இல்லை. அதுக்காக நல்லா இருக்கிற சுவர்ல உளியை வச்சு மூணு கல்லைப் பேர்க்கணுமா? பக்கத்துக் கல்லும் ஆடும்.

பழையகரண்டி:
உளியைக் கல்லில் வைத்தால் ஆடத்தான் செய்யும். இணைப்பில் வைக்க வேண்டும். துளைக்கும் மெஷினில் 6 மி.மீ. பிட் போட்டு, கல்லைச் சுற்றியுள்ள சாந்தில் நெருக்கமாகத் துளையிட்டு, பிறகு மெல்லிய உளியால் தட்டினால் வெட்டுப்பட்ட கல் தனியாக வந்துவிடும். பழைய சாந்தைச் சுரண்டி, தூசியை ஊதி, ஓரங்களை நனைத்து, அடியில் 10 மி.மீ. சாந்துப் படுகை போட்டுக் கல்லை வையுங்கள். கடைசிக் கல்லின் மேல் இணைப்பில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அங்கே வெற்றிடம் விழும். கல்லின் தலையிலும் சாந்து வைத்துத் தள்ளி, மிச்ச இடைவெளியில் மெல்லிய கரண்டியால் கெட்டிச் சாந்தை இறுகக் குத்தி அடைக்க வேண்டும்.

மட்டப்பலகை:
சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் நல்லது. அமெரிக்கச் சாந்துத் தரநிலையான ஏஎஸ்டிஎம் சி270 சொல்லும் 'என்' (N) வகை: சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. 28 நாளில் 5.2 மெகாபாஸ்கல் வலு. இந்த வேலைக்குத் தாராளம்.

கட்டுறுதி:
வந்துட்டாருய்யா சுண்ணாம்புக்காரர். மொட்டைமாடி இழையிலயும் இதே பாட்டுதான். அதே ஏஎஸ்டிஎம்ல 'எம்' (M) வகைன்னு ஒண்ணு இருக்கே, 17.2 மெகாபாஸ்கல், மணல் ஏறக்குறைய மூணு பங்கு. அதை ஏன் சொல்லலை?

மட்டப்பலகை:
'எம்' வகை, மண்ணோடு ஒட்டிய அடித்தளச் சுவர் மாதிரி இடங்களுக்கு.

பழையகரண்டி:
வலு வேறு, தண்ணீர் தடுப்பது வேறு. அதைத்தான் கட்டுறுதி குழப்புகிறார். கல்லைவிடக் கலவை கெட்டியாக இருந்தால் சுவர் அசையும்போது கல்தான் உடையும், அல்லது ஓரம் விடும். 1:6.

சாரல்:
இரட்டைச் சுவராக இருந்தால்? நடுவில் காற்று இடைவெளி இருக்கும் சுவரில் ஓட்டையை ஒரே கட்டியாக அடைத்தால் வெளிச்சுவர் ஈரம் அந்தக் கட்டி வழியே நேராக உள்சுவருக்கு வந்துவிடும். 1:3 ஆனாலும் 1:6 ஆனாலும் வரும். வெளிக்கல் தனி, உள்கல் தனியாகக் கட்டி, இடைவெளியில் சாந்து விழாமல் பார்க்க வேண்டும்.

நுரைவீரன்:
இவ்வளவு எதற்கு? பாலியூரித்தேன் நுரையை அடித்து மேலே பூசினால் பத்து நிமிட வேலை.

பழையகரண்டி:
நுரையை எலி கடிக்கும். பூச்சு பெயர்ந்து வெயில் பட்டால் பழுத்து உதிரும். நுரை மேல் பூச்சு நிற்க வலை வேண்டும், வலையை அடிக்கக் கல் வேண்டும். கடைசியில் கல்லுக்குத்தானே வருகிறீர்கள்?

கட்டுறுதி:
நுரையை விடுங்க. 1:3-ஐ ஒரே மூச்சுல திணிக்கச் சொன்னேனா? இஞ்ச் இஞ்சா அடைச்சு, ஒவ்வொண்ணும் இறுகின பிறகு அடுத்தது. ஏழு நாள் தண்ணி விட்டா எங்க சுருங்குது?

பழையகரண்டி:
"திணிச்சுப் பூசிடுங்க" என்று எழுதியது யார்? இஞ்ச் இஞ்சாக என்பது இப்போது வந்த சேர்க்கை. தண்ணீர் விடுவது காய்வதைத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். எட்டாவது நாள் காயத் தொடங்கினால் 1:3 சுருங்கத்தான் செய்யும்.

சாரல்:
டிரையர் இன்னும் ஓடுகிற வீட்டில் இதைப் படித்துவிட்டு யாராவது அடைத்துவிடப் போகிறார்கள். எரிவாயு டிரையராக இருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கும், உயிருக்கே ஆபத்து. முதல் பதிவிலேயே இதைச் சேருங்கள்.

கட்டுறுதி:
அவர் எங்க சேர்ப்பார், என் பேரைச் சேர்க்கத்தான் நேரம் இருக்கு. தொட்டிக்கு 1:3 நிக்குது, சுவருக்கும் நிக்கும்.

பழையகரண்டி:
தொட்டிக்கு 15 மி.மீ.! எத்தனை தடவை சொல்வது?