வார நாட்களின் இரவுச் சமையலை விரும்பிச் செய்வது எப்படி?

கேள்வி: தலவாக்கலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலையில் வசிக்கிறேன். நுவரெலியாவிலுள்ள ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்க்கிறேன். மாலையில் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. அதன் பிறகு கணவர், ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மகன், ஆறாம் தரத்தில் படிக்கும் மகள், மாமியார், நான் என ஐந்து பேருக்கு இரவுச் சாப்பாடு ஆக வேண்டும்.

எனக்குச் சமைக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோழிக்கறி வைத்து, கத்தரிக்காயைப் பொரித்துப் பிரட்டி, நிதானமாகச் சமைக்கும்போது அது எனக்குப் பிடித்தே இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை அதே அடுப்பின் முன் நிற்கும்போதுதான் கை ஓட மறுக்கிறது. ரைஸ் குக்கரில் அரிசியைப் போடுவேன், பருப்பை ஒரு பக்கம் ஏற்றுவேன், கோவாவோ போஞ்சியோ எது கைக்கு அகப்படுகிறதோ அதை நறுக்கி வதக்கிவிடுவேன். மிகவும் களைத்துப்போன நாட்களில் கடைப் பாணும் தேங்காய்ச் சம்பலும்தான். யாரும் குறை சொல்வதில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்வதில்லை. சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள், நான் பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

புதிய சமையற் குறிப்புகளை நான் கேட்கவில்லை. கைபேசியைத் திறந்தால் அவை கொட்டிக் கிடக்கின்றன. வார நாட்களின் சாதாரணச் சோறு கறியையே விரும்பிச் சமைக்கிறவர்கள் இங்கே இருந்தால், அந்த விருப்பம் உங்களுக்கு எதிலிருந்து வருகிறது என்பதை அறிய ஆசைப்படுகிறேன்.

பதில்: பண்டாரவளை ஓய்வூதியர்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இனிப்பதற்குக் காரணம், என்ன சமைப்பது என்பதை அன்றைக்கு நீங்களே ஆசைப்பட்டுத் தீர்மானிக்கிறீர்கள். வார நாட்களில் அந்தத் தீர்மானம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதே தலையைக் குடையத் தொடங்கி, வீடு வந்து சேரும்போது உங்களைப் பாதி தின்றுவிடுகிறது. ஆகவே அந்த யோசனையை முதலில் ஒழித்துவிடுங்கள் என்பேன். நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் ஞாயிறு சந்தையில் மரக்கறி வாங்கி வந்தவுடனேயே எந்த நாளுக்கு எது என்று பிரித்துவிடுவேன். சீக்கிரம் வாடிவிடும் கீரை வகைகள் முதல் இரண்டு நாளுக்கு, லீக்ஸும் போஞ்சியும் நடுவில், கரட்டும் பீட்ரூட்டும் வெலிமடை உருளைக்கிழங்கும் கடைசி நாட்களுக்கு. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இராது.

அப்படியானால் அலுப்புத் தட்டாதா என்று கேட்பீர்கள். மாற்றம் தேவைதான். அதை ஒரே ஓர் இடத்தில் வைத்துக்கொண்டால் போதும், என்னைப் பொறுத்தவரை அந்த இடம் பருப்பின் தாளிதம். மைசூர்ப் பருப்பு ஊற வைக்காமலே வெந்துவிடும். மஞ்சளும் இரண்டாம் பாலும் சேர்த்து வேகவிட்டு, மசிந்து வரும்போது முதற்பாலை ஊற்றி, தீயைக் குறைத்து, கொதித்துப் பொங்கவிடாமல் இறக்கிவிடுவேன், இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும். இதுவரை எல்லா நாளும் ஒன்றுதான். பிறகு சிறிய தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு, அது வெடித்து அடங்கியவுடன் சின்ன வெங்காயத்தைப் போட்டால், அதன் ஓரம் மட்டும் பழுப்பேறி நடு இன்னும் வெளுத்திருக்கும் ஒரு நேரம் வரும். செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் ரம்பைத் துண்டும் விழ வேண்டியது அந்த நேரத்தில்தான், முந்தினால் மிளகாய் கருகும், பிந்தினால் வெங்காயம் கசக்கும். ஒரு நாள் இதில் பெருஞ்சீரகம் சேரும், இன்னொரு நாள் நசுக்கிய பூண்டு, மற்றொரு நாள் மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலி. பருப்பில் ஊற்றிய கையோடு சட்டியை மூடிவிட வேண்டும், மணம் வெளியே போகக் கூடாது. சில நிமிடங்கள்தான் ஆகும், ஆனால் அந்த நிமிடங்களில் வேறு எதையும் நினைக்க முடியாது. அலுவலகம் மனதிலிருந்து இறங்கிப்போவது அப்போதுதான்.

லீக்ஸ் வாங்கினால் நெடுக்காகப் பிளந்து கழுவுங்கள், மடிப்புகளுக்குள் மண் இருக்கும். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பதில்: நுவரெலியா தனிக்குடித்தனம்

எனக்கு மனைவி மக்கள் இல்லை. ஒரு சட்டி, ஒரு வாய். ஆகவே அக்கா கேட்ட கேள்விக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. ஆனாலும் இரவுச் சமையல் எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதற்குக் காரணம் இந்த மலையிலே ஒவ்வொன்றும் ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டது.

ஏறத்தாழ 300 மீற்றர் உயரம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பம் ஒரு பாகை அளவுக்குக் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது, தலவாக்கலையில் 96 பாகை அளவில். கொதிக்கும் நீர் அதற்கு மேல் சூடேறாது. கொழும்பில் வேகும் நேரத்தில் இங்கே கடலை வேகாமல் போவதும், நாட்டரிசிச் சோறு நடுவில் விறைத்து நிற்பதும் இதனால்தான். தீயைக் கூட்டினால் நீர் வேகமாக வற்றுமே தவிர, பருப்புக்கு அதனால் இலாபமில்லை. கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, பிரஷர் குக்கரில் வைத்துவிடுங்கள். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறுவதால் நீர் 100 பாகையைத் தாண்டிச் சூடாகிறது, மலையின் குறை அங்கே தீர்ந்துவிடுகிறது. ரைஸ் குக்கர் நீர் வற்றிய பிறகு அடித்தட்டின் சூடு ஏறுவதைக் கண்டு தானாக நிற்பது. அதனால் அரிசியை அரை மணி நேரம் ஊறவிட்டு, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நீர் வைத்தால் வேகும் நேரம் நீண்டு சோறு பதமாக வரும்.

தேங்காய் எண்ணெயையும் சொல்ல வேண்டும். அது 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும், எங்கள் ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பமோ 16 பாகைதான். ஆகவே வாய் குறுகிய போத்தலில் எண்ணெய் வாங்கிவிட்டு அடுப்படியில் நின்று அதைக் குலுக்கிக்கொண்டிருப்பதைவிட, வாயகன்ற போத்தலில் ஊற்றி வைத்துக் கரண்டியால் வழித்தெடுப்பது நல்லது. காரணம் தெரியாதபோது இவை ஒவ்வொன்றும் எரிச்சல். தெரிந்த பிறகு எனக்கு இவை சமையலின் சுவாரசியமான பகுதியாகிவிட்டன.

பதில்: மஸ்கெலியா மகள்

மேலே எழுதிய இருவரும் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள், நான் பாத்திரங்களைக் கழுவுகிறேன் என்று அக்கா எழுதிய வரியை இருவருமே தாண்டிப் போய்விட்டார்கள். ஐந்து பேர் சாப்பிட்டு எழுந்துபோகும் வீட்டில் ஒருவர் மட்டும் சமைத்து, ஒருவர் மட்டும் பாத்திரம் கழுவினால், தாளிதத்தை எத்தனை விதமாக மாற்றினாலும் அலுப்புத்தான் மிஞ்சும். மரக்கறியை நாளுக்கு நாள் பிரித்து வைப்பதுகூட அதே பெண்ணின் தலையில் விழும் இன்னொரு வேலை என்பதை ஓய்வூதியர் அம்மா கோபிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். என் அம்மா இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், நாள் முழுவதும் மலையில் கொழுந்து எடுத்து, திரும்பி வந்ததும் நேராக அடுப்பைத்தான் பற்றவைப்பார். அவரிடம் போய் சமையலில் மகிழ்ச்சி இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வராது.

தனியாக நின்று சமைக்காத நாளில் எனக்குச் சமையல் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் வாரத்தில் ஓர் இரவு ரொட்டி இரவு. உங்கள் ஒன்பதாம் தரத்துப் பையன் தாராளமாகத் துருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவலாம், மகள் வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கலாம். கோதுமை மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைவதை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள், கைப்பலம் தேவைப்படும் வேலை அது. மா கையில் ஒட்டாமல் வரும் பதத்தில் உருட்டித் தட்டி, காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, ஓரம் தடித்து, மேலே கருகல் புள்ளிகள் விழும் வரை சுட வேண்டும். கட்டைச் சம்பலை மாமியார் அம்மியில் அரைப்பாரானால் அதற்கு ஈடே கிடையாது. கல்லைச் சுற்றி எல்லாரும் நிற்கும்போது முதல் ரொட்டி தட்டுக்கே வராது, பிய்த்துத் தின்று முடித்துவிடுவார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை என்று எழுதினீர்களே, அந்தக் குறை அன்றைக்கு இராது. உப்புக் குறைவு என்று முதலில் வாய் திறப்பவன் தேங்காய் துருவியவனாகத்தான் இருப்பான்.

ரொட்டியை ஏழைச் சாப்பாடு என்று முகம் சுளிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வந்துவிட்டது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மாவுக்கும் வழியில்லாமல் பட்டினி கிடந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது, உங்கள் மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள்.

பதில்: தலவாக்கலை வாசகி

மூவருக்கும் நன்றி. மஸ்கெலியாத் தங்கை எழுதியதைக் கணவரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். மா பிசைவதற்குச் சம்மதம் என்றார், பாத்திரம் கழுவுவதைப் பற்றிப் பேச்சில்லை. அதை மகனுக்கும் அவருக்கும் பங்கு போடலாம் என்றிருக்கிறேன்.

பருப்புத் தாளிதத்தைப் பண்டாரவளை அம்மா சொன்னபடி செய்து பார்த்தேன். வெங்காயத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது உண்மையிலேயே நன்றாக இருந்தது. அலுவலகத்தில் ஒரு கோப்பு தொடர்பாக ஏற்பட்ட மனத்தாங்கலோடு வந்திருந்தேன், அது அப்போது நினைவுக்கே வரவில்லை. ஆனால் வாரம் முழுவதையும் முன்கூட்டிப் பிரித்து வைப்பது எனக்கு ஒத்துவரும் என்று தோன்றவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைத்தெருவில் அன்றைக்குப் பசுமையாக இருப்பதைக் கண்டு வாங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே இந்தப் பதில்களை வாசித்த பிறகுதான் புரிந்தது. அதை விட்டுவிட மனமில்லை.

ஒரு சந்தேகம். ரொட்டி இரவைப் போலத் தோசை இரவும் வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். மாவை இரவில் அரைத்து வைத்தால் மறுநாள் மாலை வரையிலும் பொங்குவதில்லை, தோசை தட்டையாக வருகிறது. அப்பச்சோடா போடாமல் இதற்கு வழி உண்டா?

பதில்: நுவரெலியா தனிக்குடித்தனம்

உண்டு, அக்கா. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் 30 பாகையை ஒட்டிய வெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சமவெளியில் ஓர் இரவில் முடியும் வேலைக்கு, நம் ஊர்க் குளிரில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையும் சேர்த்து ஊறவையுங்கள். அரைக்கும்போது குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு இளஞ்சூடான நீரைப் பயன்படுத்துங்கள். கொதிநீர் கூடாது, நுண்ணுயிர்கள் செத்துவிடும். அரைத்த மாவைக் கரண்டி போடாமல் கையால் நன்றாகக் கலக்குங்கள், மாமியாரே கலக்கட்டும், அவருக்குப் பக்குவம் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு எல்லாம் பாத்திரம் வைக்கும் இடத்தைப் பொறுத்தது. 2022 இல் காஸ் கிடைக்காத மாதங்களில் பல வீடுகளில் விறகடுப்புக்குத் திரும்பினார்கள், உங்கள் வீட்டிலும் அது இன்னும் இருக்குமானால் இரவில் நெருப்பை அணைத்த பிறகு அதன் பக்கத்துத் திட்டில், நேரடியாகத் தணல் படாதபடி வையுங்கள். விறகடுப்பு இல்லையென்றால், மூடிய பெரிய பாத்திரமொன்றுக்குள் வெந்நீர்ப் போத்தலையும் மாவுச் சட்டியையும் சேர்த்து வைத்து, மேலே ஒரு தடித்த கம்பளியைச் சுற்றிவிடுங்கள். காலையில் போத்தலின் நீரை ஒரு முறை மாற்றிவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் தோசை சுடலாம். பாதிக்கு மேல் சட்டியை நிரப்பாதீர்கள். அடுத்த நாள் சுடுவதற்கென்று மிச்சம் வைத்த மாவு நன்றாகப் புளித்திருந்தால், அதிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துப் புதிய மாவில் கலந்துவிடுங்கள், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பொங்கும்.