கைதட்டிய கையும் டீ ஊற்றிய கையும்: கொட்டகையில் கண்டவை, கேட்டவை

கொட்டகை வாசி எழுதியது:

என் அப்பா டெண்டுக் கொட்டகையில் ஆபரேட்டர். 1970களின் நடுப்பகுதி. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு போட்டால் அக்கம்பக்கத்து நாலு ஊருக்கும் ஆட்டம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு ப்ரொஜெக்டர்தான். அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விட்டாக வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை, சில நாள் நான்கு. ஓடி முடிந்த ரீலைத் திரும்பச் சுற்றுவது என் வேலை. சுற்றிக்கொண்டே சுவர் ஓட்டை வழியாகப் பார்ப்பேன். அங்கிருந்து திரை சிறிதாகத்தான் தெரியும், தலைகள் நன்றாகத் தெரியும்.

மணல் தரை. நடுவே இடுப்புயரச் சுவர். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சுவரும் இருந்தது. தெற்குத் தெருக்காரர்கள் எப்போதும் திரைக்கு மிக அருகில், கழுத்து வலிக்கும் இடத்தில்தான் உட்காருவார்கள். யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு படத்தில் எம்.ஜி.ஆர். ஒரு குடிசைக்குள் குனிந்து நுழைந்து, ஒரு கிழவியின் கையால் கூழ் வாங்கிக் குடிக்கிறார். கொட்டகையே அதிர்ந்தது. முன்னால் இருந்தவர்களும் தட்டினார்கள், பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டே, ஈரக் கையோடு தட்டியதை நான் பார்த்தேன்.

அடுத்த நிமிடம் இடைவேளை. அப்பாவுக்கும் எனக்கும் கண்ணாடிக் குவளையில் டீ. சைக்கிளில் படப்பெட்டி கொண்டு வரும் பையனுக்கு என் வயதுதான் இருக்கும். அவனுக்குச் சிரட்டையில் டீ. குடித்துவிட்டு அவனேதான் கழுவி, கூரையில் செருகி வைக்க வேண்டும். அன்றைக்கு அவன் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டான்: "அண்ணாச்சி, அவர் நம் ஊருக்கு வந்தால் எதில் குடிப்பார்?"

கடைக்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா கார்பன் குச்சி மாற்ற வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

திரையில் ஓடியது கொட்டகைக்குள் நடந்ததோடு மோதிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள். விமர்சனம் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். அவற்றுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே.


வசனப் புத்தகம் எழுதியது:

ஐயா, எங்கள் வீட்டில் இருந்த கிழிந்த கதைவசனப் புத்தகம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 'பராசக்தி'. படம் வந்தது 1952 தீபாவளிக்கு. வசனம் மு. கருணாநிதி, சிவாஜி கணேசனுக்கு முதல் படம். அது வந்தபோது என் அப்பாவே சிறுவன். ஆனாலும் நீதிமன்றக் காட்சி எனக்குப் பத்து வயதில் மனப்பாடம். கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டினால் பாட்டுக்கு நடுவே வசனமும் போடுவார்கள். சமையற்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிவாஜியாகிவிடுவார்.

1984இல் பள்ளி ஆண்டு விழா. நான் ஒன்பதாம் வகுப்பு. அந்தக் காட்சியைப் பேச எனக்கு வாய்ப்பு கிடைத்தது. ஒத்திகையின்போது தமிழ் ஐயா என்னைத் தனியே அழைத்தார். "அந்தக் கோயில் வரியை மட்டும் விட்டுவிடு. சிறப்பு விருந்தினர் கோயில் அறங்காவலர்" என்றார். படம் வந்த புதிதில் அதைத் தடைசெய்ய வேண்டும் என்று குரல் எழுந்ததற்குக் காரணமாயிருந்த வரிகளில் அதுவும் ஒன்று. முப்பத்திரண்டு ஆண்டு கழித்தும் அதற்குச் சூடு ஆறவில்லை என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனாலும் ஐயாவுக்குப் பயந்து ஒப்புக்கொண்டேன்.

மேடையில் அந்த இடம் வந்தது. ஒரு மூச்சு விட்டேன். வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போக வாயைத் திறப்பதற்குள், மதில்மேல் உட்கார்ந்திருந்த கூட்டம் நான் விட்ட வரியை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டது. ஒருவர் இருவர் அல்ல, முப்பது நாற்பது குரல். மூட்டை தூக்குகிறவர்கள், மிதிவண்டி பழுது பார்க்கிறவர், எங்கள் தெருப் பால்காரர் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ் ஐயா திரைச்சீலைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் அறங்காவலரின் உதடுகளும் சேர்ந்து அசைந்தன என்று என் அம்மா இன்றும் சத்தியம் செய்கிறாள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் இல்லை.

அந்த வசனங்கள்தான் 1967இல் ஆட்சியை மாற்றின என்று அப்பா கடைசி வரை நம்பினார். அன்றைக்கு மதில்மேல் எழுந்த குரலைக் கேட்ட பிறகு நானும் நம்பிவிட்டேன்.


அரிசி மூட்டை எழுதியது:

மேலே எழுதிய நண்பரோடு ஒரு சிறு சண்டை. என் பாட்டி எம்.ஜி.ஆர். படம் ஒன்றைக்கூட விட்டவரில்லை. 1967 ஜனவரியில் அவர் சுடப்பட்டபோது இரண்டு நாள் வீட்டில் உலை வைக்கவில்லையாம். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் தேர்தல் சுவரொட்டியைத் தெருவிலிருந்து பிரித்து வந்து அரிசிப் பானைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். அடுத்த மாதத் தேர்தலில் அதனால்தானே உதயசூரியனுக்கு வாக்களித்தீர்கள் என்று நான் பெரிய ஆராய்ச்சியாளன் போலக் கேட்டேன்.

"படத்துக்குக் கீழே பானை இருந்ததே, அதைப் பார்க்கவில்லையா? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள், போட்டேன். அவர் மேல் பிரியம் வேறு, பானை வேறு."

பஞ்சமும், 1965 மொழிப் போராட்டமும் இல்லாமல் வசனம் மட்டும் ஆட்சியைப் பிடித்திருக்குமா? சினிமாவைப் பற்றி எழுதும் நாம் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே படியளக்கிறோம் என்று நினைக்கிறேன்.


மூன்றாம் மாடி எழுதியது:

நான் சென்னையில் ஒரு பெரிய துணிக்கடையில் ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். மூன்றாம் மாடி, சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு பத்துக்கு உட்காரலாம். சாப்பிட அரை மணி. அதில் கால் மணி வரிசையிலேயே போய்விடும். தூணில் சாய்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கேமராவுக்குத் தெரியாத தூண் ஒன்று இருந்தது. அதில் முறை வைத்துச் சாய்வோம்.

2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தது. ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் வேலை செய்யும் பிள்ளைகளின் கதை என்று கேள்விப்பட்டு, விடுமுறை கிடைத்த நாளில் நாங்கள் ஐந்து பெண்கள் போனோம். அழவில்லை. ஊரே அழுத இடங்களில் நாங்கள் சிரித்தோம். மேற்பார்வையாளன் வரும்போது பிள்ளைகள் உடம்பை விறைப்பாக்கிக் கொள்கிறார்களே, அது அச்சு அசல் எங்கள் மாடி. "இவர்களுக்கு நம் தூணைப் பற்றித் தெரியவில்லை" என்றாள் ஒருத்தி.

எங்களுக்கு முன் இருக்கையில் ஓர் அம்மா விம்மி விம்மி அழுதார். மடியில் துணிக்கடைப் பை. ஒவ்வொரு விம்மலுக்கும் பை சரசரத்தது. எனக்கு அவர் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது: அக்கா, உங்களைப் போன்ற ஒருவர்தான் நேற்று நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, கலர் பிடிக்கவில்லை என்று எழுந்து போனார். சொல்லவில்லை. அவர் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அது எங்களிடம் வந்து சேரும் வழி எதுவென்றுதான் தெரியவில்லை.

எங்கள் மேற்பார்வையாளரும் படத்தைப் பார்த்திருக்கிறார். மறுவாரம் காலை வருகை எடுக்கும்போது திடீரென்று கேட்டார்: "நான் அந்த ஆள் அளவுக்கு மோசமா?" யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு வாரம் அவர் குரல் உயரவேயில்லை. எட்டாம் நாள் பழையபடி.

2021இல், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. படம்தான் சட்டம் கொண்டுவந்தது என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். நடுவே பதினொரு ஆண்டுகள் எத்தனையோ கால்கள் வீங்கியிருக்கின்றன. என் அக்கா மகள் இப்போது ஒரு கடையில் இருக்கிறாள். ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாமாம். வாடிக்கையாளர் இல்லாத நேரம் எது சித்தி என்று என்னிடம் கேட்கிறாள்.


கரிசல் காடு எழுதியது:

எங்களுடையது கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். கே. பாலசந்தரின் 'தண்ணீர் தண்ணீர்' 1981இல் வந்தபோது ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது. நம் சீமைக் கதையாயிற்றே! கோமல் சுவாமிநாதன் நாடகமாக எழுதியது, அத்திப்பட்டி என்ற தண்ணீரில்லாத ஊரைப் பற்றியது. அம்மா மட்டும் வரவில்லை.

"குடம் சுமப்பதைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா? அந்த நேரத்துக்கு இரண்டு நடை போய்வந்தால் நாளைக்குக் குளிக்கலாம்."

படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. எங்கள் ஊருக்குக் குழாய் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அம்மா சாகும்வரை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் போட்டபோதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். சேலையும் நகையுமாக வருகிற படங்களைத்தான் ஆசையாகப் பார்ப்பாள். அது தப்பிக்கும் மனப்பான்மை என்று கல்லூரி நாள்களில் அவளுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.


கிள்ளான் கரை எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தோட்டத்தை விற்றதும் குடும்பம் நகரத்து அடுக்குமாடிக்கு வந்தது. வேலை போனது, கோயில் போனது, பையன்கள் சிலர் குண்டர் கும்பலுக்குப் போனார்கள். அதனால் 2016இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' வந்தபோது அது எங்களுக்கு ரஜினி படம் மட்டுமல்ல. பெரிய திரையில் எங்கள் பேச்சு, எங்கள் தெரு.

படம் பார்த்த இரவு சென்னையிலிருக்கும் மாமா மகனோடு தொலைபேசியில் பேசினேன். "கடைசியில் சுட்டார்களா இல்லையா என்று தெரியாமல் விட்டார்களே, அபாரம்" என்றான். நான் "அதுதான் போலீஸில் சரணடைந்துவிட்டாரே" என்றேன். நீ தூங்கிவிட்டாய் என்றான். பத்து நிமிடம் சண்டை. பிறகுதான் புரிந்தது: எங்கள் நாட்டுத் தணிக்கைக்காக, கபாலி சரணடைந்தார் என்ற வாசகத்தை இங்கே கடைசியில் சேர்த்திருந்தார்கள். அவன் பார்த்த பிரதியில் இருள், ஒரு துப்பாக்கிச் சத்தம், அவ்வளவே.

எங்கள் அரங்கில் அந்த வாசகம் வந்ததும் யாரோ பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார்: "நம்ப வேண்டியவர்கள் நம்பிக்கொள்ளட்டும்."


கடைசி பெஞ்சு எழுதியது:

கொட்டகை வாசி ஐயா, உங்கள் டீக்கடையைப் படித்ததும் எனக்கு இன்னொரு டீ நினைவு வந்தது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. கல்லூரி விடுதியிலிருந்து பன்னிரண்டு பேர் போயிருந்தோம். அதன் கடைசிப் படிமம் இரண்டு டீக் குவளைகளும் நடுவே ஒரு பூவும். விளக்கைப் போட்ட பிறகும் எங்களில் சிலர் எழுந்திருக்கவில்லை. சிலர் முதல் ஆளாக வெளியே போய்விட்டார்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் போனார்கள் என்று பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மூன்று ஆண்டாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதிருந்தது அன்று தெரிந்துவிட்டது. என்னைப் பற்றி அவர்களுக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஒரு கேள்வி ஐயா. அந்தப் படப்பெட்டிப் பையனை மறுபடி பார்த்தீர்களா?


கொட்டகை வாசி எழுதியது:

பார்த்தேன் தம்பி. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறான். இரண்டு பெண்களையும் படிக்க வைத்துவிட்டான். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இத்தனை ஆண்டாக நான் சுமந்து திரிந்த அந்தக் கேள்வியை அவனிடம் நினைவுபடுத்தினேன். அவனுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை.

"நானா கேட்டேன்? இருக்காது. அவ்வளவு தைரியம் எனக்கு அப்போது ஏது?" என்றான். பிறகு பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னான்: "இடைவேளையில் நீ டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாய். எப்போதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் குடிப்பாய். அது ஞாபகமிருக்கிறது."