அலிகேட்ஸ் போஸ்டர்: ஆஃப்ரோ முடி ஹெல்மெட் மாதிரி நிற்கிறது, அச்சில் நிறம் மங்குகிறது

பினாங்கு_கோடுகள்:
வணக்கம். நம் பினாங்கு மண்ணின் அலிகேட்ஸ் இசைக்குழுவுக்கு ஏ3 அளவில் ஒரு போஸ்டர், ஐபேட்டில் புரோகிரியேட் என்ற வரைசெயலி கொண்டு வரைகிறேன். குழுவின் பாடகர்கள் டேவிட் ஆறுமுகம், மறைந்த லோகநாதன் இருவரும் அருகருகே, பின்னால் மேடை விளக்குகள். அவர்களின் சுருள்சுருளான ஆஃப்ரோ முடி ஹெல்மெட் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. திரையில் பளிச்சென்ற ஆரஞ்சும் நீலப்பச்சையும் அச்சில் செத்துப்போகின்றன. கேன்வாஸ் 2048 × 2732 பிக்சல், ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை). வழி சொல்லுங்கள்.

செந்தூல்_தூரிகை:
முடிக்கு மட்டும் சொல்கிறேன், அந்த இருவரையும் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது அதுதான். ஹெல்மெட் தோற்றத்துக்கு மூன்று காரணம்: முழுக் கறுப்பு, ஒரே சீரான விளிம்பு, நெற்றியில் கத்தியால் வெட்டினாற்போன்ற கோடு.

அடிநிறம் கருஞ்சிவப்புப் பழுப்பாக இருக்கட்டும். ஒரே லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வரைதாள் போன்றது) உருவத்தை நிரப்பி, படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். யார் யார் என்று அப்போதே தெரியவேண்டும். தெரியாவிட்டால் எவ்வளவு சுருள் போட்டாலும் தெரியாது. பிறகு கிளிப்பிங் மாஸ்க்கில் (அடி உருவத்துக்கு வெளியே நிறம் சிந்தாத லேயர்) நிழல் ஒன்று, வெளிச்சம் ஒன்று, அவ்வளவே. சுருள் கோடுகளை உள்ளே நிரப்பாதீர்கள். வெளி ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன 'சி' வடிவமாக, நீளம் மாற்றி மாற்றிப் போடுங்கள். பின்விளக்கு ஓரச் சுருள்களின் ஊடே கசியும், அதனால் ஒளிக்கோடு அங்கங்கே அறுபட்டு வரவேண்டும். நெற்றியோரம் தோல் நிறம் முடிக்குள் கொஞ்சம் ஏறட்டும்.

முகத்தின் நிழலுக்கும் கறுப்பைக் கலக்காதீர்கள். ஊதா சாய்ந்த பழுப்பு போதும், நம் தோல் நிறம் உயிரோடு இருக்கும்.

மை_நிறம்:
அந்த கேன்வாஸை ஏ3-இல் அடித்தால் சுமார் 165 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) தான் கிடைக்கும். அச்சானபின் ஓரம் வெட்டுவார்கள், அதற்காக நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டி 303 × 426 மி.மீ., 300 டிபிஐ என்று புதிதாகத் திறங்கள். ஏறத்தாழ 3579 × 5031 பிக்சல் வரும். கேன்வாஸ் பெரிதானால் லேயர் எண்ணிக்கை குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

திறக்கும்போதே சிஎம்ஒய்கே (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் அச்சு நிறமுறை) தேர்ந்தெடுங்கள். ஆர்ஜிபியில் தொடங்கியதைப் புரோகிரியேட்டில் பிறகு சிஎம்ஒய்கேக்கு மாற்ற முடியாது. திரையின் நீலப்பச்சை நான்கு மைக்குள் அடங்காத நிறம். அதைத் துரத்தாமல், பக்கத்தில் இருப்பதை இருட்டாக்குங்கள், விளக்கு தானாக எரியும். தோலில் சயான், மஜெந்தா மஞ்சள் இரண்டையும்விடக் குறைவாக இருக்கவேண்டும். ஏறினால் முகம் சாம்பல் பூக்கும். பெரிய கறுப்புப் பரப்புக்கு அந்த நான்கு மையும் அதே வரிசையில் 60-40-40-100 விழுக்காடு, சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும்.

பினாங்கு_கோடுகள்:
நன்றி அண்ணே. வரைந்ததை அப்படியே பெரிதாக்கலாமா? பழைய போஸ்டர்களில் தெரியும் அச்சுப் புள்ளிகளை எப்போது போடுவது?

மை_நிறம்:
பெரிதாக்கினால் கோடு குழையும். பழையதை மங்கலாக அடியில் வைத்து மேலே புதிதாக வரையுங்கள். புள்ளிகள் கடைசி வேலை, இறுதி அளவில்தான். ஒரு புள்ளிக்கு 12 பிக்சல் என்றால் அச்சில் சுமார் 1 மி.மீ. புள்ளி போட்டபின் படத்தைச் சுருக்கினால் புள்ளி வரிசையும் பிக்சல் வரிசையும் மோதி அலையலையாகக் கோலம் விழும். முகத்தில் புள்ளியே வேண்டாம்.

கம்போங்_வரைஞன்:
ஒரே ஒரு புகைப்படத்தை அப்படியே தடம் எடுக்காதீர்கள், அதன் உரிமை வேறொருவருடையது. பல படங்களைப் பார்த்து நிற்கும் விதத்தை நீங்களே அமையுங்கள். விற்பதாக இருந்தால் குழுவின் பெயருக்கும் சின்னத்துக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பின்னணிக்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை வளைவுகளை வைத்துப் பாருங்கள், வெறும் விளக்கைவிட ஊர் பேசும்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவேண்டாம், நசுங்கிவிடும். டாக்குமெண்டாக டிஃப் (தரம் குறையாத படக்கோப்பு) அல்லது பிடிஎஃப் அனுப்பி, முழுப்பிரதிக்கு முன் முகப்பகுதியை மட்டும் அதே அளவில் ஏ4 தாளில் ஒன்று அடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் போடப்போகும் அதே தாளில்.