குழந்தைகளுக்குத் தனி ஆதரவுச் சேவை: இருக்கிற ஆட்களை வைத்தே செய்யலாமா?

நந்தினி_க:

வணக்கம். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு ஆதரவு நபர்களை அனுப்பும் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறேன். புகார், மருத்துவப் பரிசோதனை, நீதிமன்றம் என்று எல்லா இடத்துக்கும் அவர்களோடு போவோம். இப்போது பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளும் நிறைய வருகிறார்கள். எங்கள் ஆட்களுக்கே இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும் என்கிறது நிர்வாகக் குழு. கவுன்சலர் ஒருவர் ஏற்கெனவே இருப்பதால் அவரே கோர்ட்டுக்கும் போகட்டும் என்று இன்னொரு யோசனையும் ஓடுகிறது. இரண்டும் சரியாகப் படவில்லை. ஆனால் கூட்டத்தில் கேட்டால் காரணம் சொல்ல வரவில்லை. இந்த வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையின் கேஸ் விவரத்தையும் இங்கே எழுத வேண்டாம், தயவுசெய்து.

பழைய_ஆள்:

நந்தினி, பல வருடம் பிள்ளைகளோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதோடு சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் உங்களிடம் வந்தால், புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்வார். நீங்கள் அவர் பக்கம் நிற்பீர்கள். பிள்ளை விஷயத்தில் அப்படி இல்லை. விஷயம் தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. கூட்டி வருவதும் பெற்றோர், கையெழுத்துப் போடுவதும் பெற்றோர். செய்தவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். வீட்டு ஆளாகவே இருந்துவிட்டால் அம்மா ஒன்று நினைப்பார், பாட்டி இன்னொன்று நினைப்பார். பிள்ளை நினைப்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டு, உரிய இடத்தில் எடுத்துச் சொல்வதுதான் நீங்கள் தொடங்கப்போகும் சேவையின் வேலை. தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவே சொல்கிறது. குழுவில் யாராவது ஆதாரம் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

அம்மா அப்பாவுக்கும் துணை வேண்டும்தான், ஆனால் அதற்கு வேறு ஆளைப் போடுங்கள். ஒரே ஆள் இருவரையும் பார்த்தால், அழுகிற பெரியவரிடம்தான் அவர் நேரமெல்லாம் போகும். பிள்ளை ஓரமாகப் படம் வரைந்துகொண்டிருக்கும், "சமத்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். எனக்குக் கோபம் வரும் வாக்கியம் அது.

கவுன்சலர் யோசனையை விட்டுவிடுங்கள். கவுன்சலர் பிள்ளையின் மனதுக்குள் போக வேண்டியவர். ஆதரவு நபர் நடந்ததைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாதவர். ஆளாளுக்குத் துருவிக் கேட்டால் பெரியவர்களின் சொற்கள் பிள்ளையின் பேச்சில் ஒட்டிக்கொள்ளும், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். அதனால் விசாரிப்பது பயிற்சி பெற்ற ஒருவராக இருக்க வேண்டும், அவரும் "நடந்ததை முதலிலிருந்து சொல்லு" என்பது போன்ற திறந்த கேள்விகளாகவே கேட்க வேண்டும். ஐஸ்லாந்தில் 1998-இல் தொடங்கிய பார்னாஹூஸ் ("பிள்ளைகள் வீடு") முறையில் பிள்ளை ஓர் அறையில் ஒரே ஒருவரிடம் பேசும். போலீஸ், வழக்கறிஞர்கள், குழந்தைகள் நலத்துறை எல்லாரும் வேறு அறையிலிருந்து பார்ப்பார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் 1985-இல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான முதல் மையம் வந்ததற்கும் காரணம், ஒரே கதையைப் பிள்ளை இடம் இடமாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததுதான்.

அப்படியானால் ஆதரவு நபர் என்னதான் பேசுவார்? பிள்ளை கேட்பதற்குப் பதில் சொல்வார். என்னிடம் பிள்ளைகள் கேட்டவை: "ஜட்ஜ் திட்டுவாரா?" "அவரும் அங்க வருவாரா?" "நடுவுல பாத்ரூம் போகலாமா?" "ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுமா?" "நான் சொன்னதாலதான் வீட்ல சண்டையா?" கடைசிக் கேள்வியைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் நேரான பதில் உண்டு. அதைத் தேடிப்போய்த் தெரிந்துகொண்டு வருவதுதான் பாதி வேலை. குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை பார்க்காதபடி திரை போடுவார்களா, காணொலி வழியாகவா, எந்த வாசல் வழியாகப் போவது, காத்திருக்க இன்னோர் அறை உண்டா, இதெல்லாம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

புதியவர்கள் வாயில் இரண்டு வாக்கியம் வரவே கூடாது. ஒன்று, "நீ சொல்றதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." வேறு பிள்ளைக்கோ அதே பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும், எந்த விஷயத்தை யாரிடம் சொல்வேன் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, "அவனுக்குக் கண்டிப்பா தண்டனை கிடைக்கும்."

இரண்டு நாள் பயிற்சியா? நான்கு வயதுப் பிள்ளைக்கு "எத்தனை தடவை", "எந்த மாதம்" என்பதே பிடிபடாது. பதினாறு வயது நேரில் வாயே திறக்காது, இரவு பன்னிரண்டுக்கு மெசேஜ் அனுப்பும். அதற்கு அலுவலக போன் வேண்டும், எத்தனை மணி வரை பதில் வரும் என்ற விதியும் வேண்டும். பேச்சு வராத பிள்ளை, சைகை மொழி பேசும் பிள்ளை என்று இன்னும் இருக்கிறது. பெண்களோடு வேலை செய்த அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் இது வேறு வேலை.

குறுக்கு_விசாரணை:

பழைய ஆள் அக்கா சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், வழக்கறிஞராக. சாட்சி சொல்லும் அறையைப் பிள்ளைக்கு முன்னதாகவே காட்டலாம். யார் எங்கே உட்காருவார்கள், "தெரியாது", "கேள்வி புரியவில்லை" என்று சொல்லலாம் என்பதையும் சொல்லித் தரலாம். பதிலைச் சொல்லித் தரக் கூடாது, ஒத்திகையும் கூடாது. அந்தக் கோடு தாண்டினால் கேஸே போய்விடும்.

இன்னொன்று, ஏட்டில் இருப்பது தானாக நடக்காது. இந்தியாவில் போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் 2020 விதிகளிலேயே ஆதரவு நபர் உண்டு. ஆனாலும் அதை விருப்பம்போல் செய்யும் விஷயமாக விடக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் குறுக்கு விசாரணையை முன்கூட்டியே பதிவு செய்ய 1999-இலேயே சட்டம் போட்டார்கள், பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் எல்லா கிரவுன் நீதிமன்றங்களுக்கும் அது வந்து சேர இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் ஆட்கள் விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும்.

பெயர்_வேண்டாம்:

நான் ஒரு அம்மா. விவரம் வேண்டாம். எங்களுக்கு வந்தவர் நல்லவர், ஆனால் நடுவில் ஆள் மாறிவிட்டார். புதியவரிடம் பிள்ளை பேசவே இல்லை. வாய்தா தள்ளிப்போனால் எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள், பள்ளிக்கு லீவு போட்டு, குளித்துக் கிளம்பி நின்ற பிறகுதான் தெரியும். தீர்ப்புக்கு முந்தைய வாரம் வரை எல்லாரும் போன் செய்தார்கள், அப்புறம் ஒருவரும் இல்லை. எங்களுக்கு ராத்திரிகள் கஷ்டமாக இருந்தது அதற்குப் பிறகுதான். அதையும் உங்கள் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நந்தினி_க:

மூவருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை அப்படியே குழுவுக்குப் படித்துக் காட்ட உங்கள் அனுமதி வேண்டும். அக்கா, ஒரு சந்தேகம். எங்களிடம் இரண்டு சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது. அந்த இரண்டிலும் ஆதரவு நபர்களையே எடுக்கட்டுமா? பொம்மை, ஓவியச் சுவரோடு ஓர் அறை தயார் செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பெயர்_வேண்டாம்:

படித்துக் காட்டுங்கள்.

பழைய_ஆள்:

சுவருக்குப் பிறகு வண்ணம் பூசிக்கொள்ளலாம். பதினைந்து வயதுப் பிள்ளை கரடி பொம்மை நடுவில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடும். வாசல் பலகையில் மட்டும் எதற்கான இடம் என்று தெரியாதபடி பெயர் வையுங்கள்.

இரண்டு சம்பளத்தில் ஒன்று பிள்ளைகளின் ஆதரவு நபருக்கு. மற்றொன்றைப் பாதியாக்குங்கள். ஒரு பாதி பெற்றோரைப் பார்ப்பவருக்கு, இன்னொரு பாதி அந்த இருவரையும் வாரா வாரம் உட்கார வைத்துக் கேட்கும் மூத்தவருக்கு. அவர் இல்லாமல் தொடங்காதீர்கள். தனியாக இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் சீக்கிரம் வேலையை விட்டுப் போவார், அந்த அம்மா சொன்னதுபோல் பிள்ளைக்கு ஆள் மாறும். ஆள் எடுக்கும்போது பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம், தெரிந்தவர் சிபாரிசு என்று யாருக்கும் விலக்கு வேண்டாம்.

கையில் எத்தனை கேஸ் என்பதற்கு எழுத்தில் ஓர் உச்சவரம்பு போடுங்கள், நிறைந்தால் காத்திருப்புப் பட்டியல் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தீர்ப்பு எதுவானாலும் அதன்பிறகு சில மாதம் தொடர்வதையும் அந்தக் கணக்கிலேயே சேருங்கள், இல்லையென்றால் புதிய கேஸ் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குறிப்பேட்டில் தேதி, இடம், செய்த உதவி மட்டும் போதும். பிள்ளை தானாக ஏதாவது சொல்லிவிட்டால் அதன் சொற்களிலேயே எழுதி, அன்றைக்கே விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.